ரவைக்கோதும் தராசும்

“வீட்டுக்குள்ள இருந்து துப்பாக்கி ரவை நிரப்ப உன்னை ஆர் விடப்போறாங்கள்?” என்று அண்ணை ஒருநாள் கேட்டார். துப்பாக்கி அனுமதிக்காக வந்த பொலிஸ் அதிகாரி, எங்கள் இல்ஃபோர்ட் வீட்டின் படிக்கட்டுக்குக் கீழே பூட்டிய இரும்பு அலுமாரியைப் பார்த்து ‘லவ்லி’ என்று சொல்லிப் போனதை அவர் இன்னும் நம்பவில்லை. “சிரிச்சுச் சிரிச்சு எழுதிக்கொண்டு போறவங்களிலதான் கவனமா இருக்க வேணும்.”

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்பவளுடன் எசெக்ஸ் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறேன். போன இலையுதிர்காலத்தில் நான் சுட்ட மான் காயத்தோடு ஓடியது. அதைத் தேடிப் பிடிக்க இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. பிறகு இலக்குத் தாளில் சுட்டுப் பார்த்தேன். ஒரே பெட்டி ரவைகள் ஆளுக்கொரு பக்கம் போயின. அன்றிலிருந்து கடை ரவையில் எனக்கு நம்பிக்கை இல்லை. மருந்தை நானே நிறுத்து, ரவையை நானே நிரப்புவதென்று முடிவெடுத்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். நிறுப்பதுதான் என் தொழில்.

துப்பாக்கிக் கடைக்காரர் ரவை நிரப்பும் கருவிகள் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியை என் பக்கம் தள்ளி, “பெண்களுக்கு இது சுலபம்” என்றார். உள்ளே மின்தராசு ஒன்று இருந்தது. என் பையில் இருந்த சோதனை எடைக்கல்லை அதில் மூன்று தரம் வைத்தேன். மூன்று வெவ்வேறு இலக்கம் காட்டியது. பற்றரி பழசு என்றார். நான் கோல் தராசையும், ஒரு தடவைக்கு ஒரு ரவையை மட்டும் அழுத்தும் கனமான கைப்பொறியையும் எடுத்தேன். வேலை மெதுவாக நடக்கும். ஆனால் ஒவ்வொன்றும் என் கண்ணுக்குக் கீழே நடக்கும்.

“சுட்டு முடிந்த வெறும் ரவைக்கோதுகள் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“ஒன்றும் இல்லை. ஒருநாளும் ஒன்றும் எடுத்துப் போனதில்லை.”

“எறிந்துவிட்டீர்களா? அதைத்தானே திரும்ப நிரப்ப வேண்டும்.”

அவர் கேட்டது விசாரணை இல்லை என்று விளங்கவே எனக்குச் சற்று நேரம் எடுத்தது. இரண்டு வருடமாகச் சுடுதளத்தில் ஒவ்வொரு கோதையும் வாளிக்குள் போட்டுவிட்டு, பொக்கற்றையும் வெளியே இழுத்து உதறிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வவுனியாவில் எனக்கு ஒன்பது வயது. கட்டைப் பென்சிலுக்கு மூடியாக ஒரு ரவைக்கோதைச் செருகி வைத்திருந்தேன். இராணுவச் சோதனைச்சாவடியில் அது என் புத்தகப் பையிலிருந்து விழுந்தது. என்னை விட்டுவிட்டார்கள். கூட வந்த அண்ணையைப் பின்னேரம் வரை வெயிலில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். அதைப் பற்றி அவர் இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன சனிக்கிழமை இருபது கோதுகளைப் பொறுக்கி எடுத்தேன். வெறுங்கோது வைத்திருக்க இங்கே யாருடைய அனுமதியும் தேவையில்லை. அது தெரிந்தும், இல்ஃபோர்ட் நிலைய வாசலில் ஒரு கை பொக்கற்றைப் பொத்திக்கொண்டது. மற்றக் கையில் அனுமதிப் பத்திரம் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவற்றைக் கொட்டினேன். அண்ணை எழுந்து முதலில் திரைச்சீலையை இழுத்து மூடினார். பிறகு ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“இதைக் கழுவ வேணுமோ?”

“ஓம் அண்ணை.”

“என்ரை சட்டியில கழுவாதை.”

நேற்றுக் கைப்பொறியைப் பூட்ட என் மேசையில் துளைகள் போட்டுவிட்டேன். வெளிச்சம் யன்னல் பக்கம்தான் நன்றாக விழும். ஆனால் துளைகளைப் போட்டது, உட்கார்ந்தால் வாசல் தெரிகிற பக்கத்தில்.