ஜமாலின் நம்பர்

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு நேற்று போனில் மார்க் வந்தது. கணக்கில் தொண்ணூற்றெட்டு. போன இரண்டு மார்க்குக்காக அழுது முகமே வீங்கிவிட்டது. ஆறுதல் சொல்லத்தான் போனேன். கணக்கில் நான் வாங்கிய மார்க் நினைவுக்கு வரவே, பேசாமல் திரும்பிவிட்டேன்.

எங்கள் எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் மார்க்கெல்லாம் பிறகுதான். முதலில் பேப்பரில் நம்பர் வரும், பொடிப்பொடி எழுத்தில். நம்பர் இருந்தால் நீங்கள் மனிதர், இல்லாவிட்டால் இல்லை. அந்த ஜூன் காலையில் பெரிய கடைவீதி முனையில் என் சிநேகிதன் ஜமால் கண்ணை மூடிக்கொண்டு, "நீயே பாருடா" என்றான். என் நம்பர் இருந்தது. அவனுடையதை நாலு தடவை தேடினேன். அதற்கு முந்தையது இருந்தது, பிந்தையதும் இருந்தது.

"ஃபெயிலானா வீட்டுப்படி ஏறாதே" என்று அவன் அத்தா சொல்லியிருந்தார். அத்தர் வியாபாரி. அவர் வருவதற்கு முன்னால் வாசனை வரும். திட்டுவதற்கு வந்தாலும் அப்படித்தான். ஜமால் பேப்பரை வாங்கிக்கொண்டு எங்கேயோ நடந்தான். நானோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்க் கேசரி சாப்பிட்டேன்.

மத்தியானம் எங்கள் வாசலில் மல்லிகை மணம். அத்தா செருப்பில்லாமல் நின்றார்.

"தம்பி, அவன் இன்னும் வரலைப்பா. எங்கே போயிருப்பான்?"

"காவேரிப் பாலத்துல பாக்கலாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அங்கே எதற்குப் போயிருப்பான் என்று எனக்கு உறைத்தது.

வழியெல்லாம் அவர் உதடு ஓதிக்கொண்டே வந்தது. பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தோம். மேட்டூர் திறக்காத நாளில் ஆற்றில் ஏது தண்ணீர்? ஒரே மணல். நடுவில் ஜமால், பேப்பரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கொதிக்கிற மணலில் அத்தா ஓடினார். அறை விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"முழுகிடலாம்னுதான் வந்தேன் அத்தா. தண்ணியே இல்லை." இதிலும் ஃபெயிலானவன் போலச் சொன்னான்.

அவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் அஞ்சாங்கிளாஸ்லயே மூணு தடவை ஃபெயிலுடா" என்றார்.

ஜமால் முறைத்தான். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ படிப்பியா?"

செப்டம்பரில் எழுதிப் பாஸானான். கடைசியில் கணக்கு வாத்தியாராகிப் பையன்களை நடுங்க வைத்தான். முதல் தடவையே தேறிய நான் முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் ஃபைல் கட்டினேன்.

அத்தா போய் வெகுகாலமாயிற்று, ஜமாலும் இல்லை. போன மாதம் பாலத்தில் நின்று பார்த்தேன். மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கோரையும் பள்ளமும்தான் மிச்சம். உட்கார்ந்து அழக்கூட இடமில்லை.