இருபத்தொன்றாவது தோப்புக்கரணம்

“2002 ஜூன், இரண்டாவது சனிக்கிழமை முதல் வாரந்தோறும். மாலை 3 முதல் 5 வரை. உடற்பயிற்சி. ஐந்து பேர். மின்விசிறி இரண்டு மட்டும்.”

கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் தமிழ் மன்றத்து ஹாலின் பதிவேட்டில் இருக்கும் இந்தக் குறிப்பு என் கையெழுத்து. அப்போது நான் மன்றத்தின் செயலாளர். தேதி சரி, நேரம் சரி, மின்விசிறியும் சரி. உடற்பயிற்சி மட்டும் பொய். பதினோரு ஆண்டுகள் அந்தப் பதிவேட்டை எழுதியதில் நானாக எழுதிய பொய் அது ஒன்றுதான். மழையால் நின்றுபோன ஒரு பஜனையை ‘சிறப்பாக நடந்தது’ என்று எழுதியதுண்டு. அது தலைவர் சொல்லி எழுதியது.

இந்தப் பொய்க்குக் காரணம் என் தங்கை. பெஹாலாவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு வங்காளித் தோழியோடு ஒரே வீட்டில் இருந்தாள். அந்தத் தோழி அவளுக்கு யார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. இவர்கள் இருவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து நவீன நடனம் ஆடினார்கள். ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள். இன்று இதற்கெல்லாம் தமிழில் நல்ல சொற்கள் வந்துவிட்டன. என் சொந்தக் குறிப்பேட்டில் அன்று ‘தங்கையின் நண்பர்கள்’ என்றுதான் இருக்கிறது.

அவர்களில் ஒருவர் கரியாஹாட்டில் ப்ளவுஸ் தைக்கும் தையல்காரர். முந்தைய குளிர்காலத்தில், மன்றத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஏரிக்கரை பெஞ்சில் தன் நண்பரோடு உட்கார்ந்திருந்தவரை இரண்டு காவலர்கள் எழுப்பி, காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இருபது ஆனதும் ஒரு காவலர், “மறந்துபோச்சு, முதல்லேர்ந்து” என்பாராம். இப்படி எத்தனை இருபதுகள் போயின என்று தையல்காரருக்கே தெரியவில்லை. அதன்பின் அவர் ஏரிப் பக்கமே போகவில்லை. எங்கள் மன்றத்துக்குக்கூட ஊரைச் சுற்றித்தான் வந்தார். நடந்ததை நடனமாக்கி, ஒரு தடவையாவது ஜனங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க ஆடிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு கிளப்புகள் கதையைக் கேட்டதும் இடமில்லை என்றுவிட்டன. தங்கை என்னிடம் வந்தாள்.

“ஜதி உண்டா?” என்றேன்.

“கிடையாது.”

“சலங்கை?”

“கிடையாது.”

“பாட்டாவது?”

“கிடையாதுண்ணா.”

“அப்போ என்னதான் இருக்கும்?”

“தரை இருக்கும். ஒங்க மன்றத்துல நல்ல தரை.”

அதனால்தான் உடற்பயிற்சி.

தேதிகளை மறக்காத நான் ஒன்றை மறந்தேன். ஹாலில் இருந்த ஒரே கண்ணாடி, பிள்ளையார் மாடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. ஆடுகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஒத்திகை பார்ப்பார்கள். சனிக்கிழமை நாலரைக்குத் தலைவரின் மனைவி மாடத்தில் விளக்கேற்ற வருவார். முதல் சனிக்கிழமையே மாமி உள்ளே வந்தபோது, ஐந்து பேர் பிள்ளையாரைப் பார்த்தபடி காதைப் பிடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

மாமி கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். “யாருடா இவாள்ளாம்? வங்காளிக் குழந்தைகளா? என்ன பக்தி பாரேன்.”

நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி கல்கத்தாவிலேயே பிறந்தவர். வங்காள மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேராகத் தையல்காரரிடம் போய், “இப்படி இல்லேப்பா. வலக்கை இடது காதை, இடக்கை வலது காதை” என்று கைகளை மாற்றி வைத்தார். தங்கை கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இதுதான் நன்னா இருக்கு” என்றாள். நடனத்தில் அது அப்படியே நிலைத்தது. அடுத்த வாரம் மாமி சுண்டலோடு வந்தார். அதற்கடுத்த வாரம் வேறு இரண்டு மாமிகளோடு வந்தார்.

ஐந்தாவது வாரம் அவர் தையல்காரரிடம் வங்காள மொழியில் கேட்டார்: “என்னப்பா வேண்டுதல்?”

“வேண்டுதல் இல்லை மாஷிமா. தண்டனை.”

“என்ன தப்பு பண்ணினே?”

“ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்தேன்.”

“யார் பக்கத்துல?”

அவர் சொன்னார். ஏரிக்கரை, காவலர்கள், இருபது, மறுபடி இருபது, எல்லாம் சொன்னார். மாமி அவரைப் பார்த்தார். தங்கையையும் தோழியையும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: “அதான் இருபதோட நிறுத்தறாளா? கணக்கு டீச்சரைக் கூட வெச்சுண்டு இதுகளுக்கு எண்ணத் தெரியலையேன்னு நெனச்சுண்டிருந்தேன்.” பிறகு விளக்கேற்றிவிட்டுப் போனார். என் குறிப்பேட்டில்: ‘மாமி அதற்குமேல் பேசவில்லை. இது முதல் முறை.’

அதே ஹாலில் நடக்கவிருந்த நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால், நடனத்தின் கதையைச் சொன்ன துண்டுப் பிரசுரம் ஒன்று தலைவர் கைக்குப் போய்விட்டது. வீட்டுக்குக் கூப்பிட்டார்.

“உடற்பயிற்சின்னு எழுதியிருக்கியே?”

“வேர்க்கறது மாமா.”

“போலீஸ், தண்டனை, இந்த மாதிரி மனுஷா... பிள்ளையார் முன்னாடி இதெல்லாமா? ரத்து பண்ணு.”

காபியோடு வந்த மாமி டம்ளரை வைத்தார். “அந்தத் தையல்காரப் பிள்ளை போட்ட தோப்புக்கரணத்துல பத்துல ஒண்ணு நீங்க போட்டிருப்பேளா?”

“எனக்கு முழங்கால்...”

“அதைத்தான் சொல்றேன். ரெண்டு பேர்ல யாரை வெளியே போகச் சொல்வார்னு பிள்ளையாரையே கேளுங்கோ.”

தலைவர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். ரத்து என்று மறுபடி சொல்லவில்லை. நடத்து என்றும் சொல்லவில்லை. நடவடிக்கைக் குறிப்பில் ‘தலைவர் கருத்துக் கூறவில்லை’ என்று எழுதினேன்.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை. ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாமியும் பட்டுப்புடவைகளும். கடைசி வரிசையில், முழங்காலை நீட்டிக்கொண்டு, தலைவர். என் கையில் ஸ்டாப்வாட்ச். காவலராக நடித்தவர் தங்கையின் தோழி. தையல்காரர் நடுவில் உட்கார்ந்து எழ, மற்றவர்கள் நடைப்பயிற்சிக்காரர்களாகச் சுற்றி வந்தார்கள். இருபது. “மறந்துபோச்சு, முதல்லேர்ந்து.” மறுபடி இருபது. “மறந்துபோச்சு, முதல்லேர்ந்து.” ஒத்திகையில் இது ஆறு தடவை நடந்து, விளக்கு அணையும். மூன்றாவது இருபது முடிந்து தோழி வாயைத் திறக்கும்போது முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“இருபத்தொண்ணு.”

மாமி எழுந்து, கைகளை மாற்றிக் காதைப் பிடித்து, ஒரு தோப்புக்கரணம் போட்டார். பக்கத்து மாமி எழுந்தார். பிறகு வரிசை முழுக்க எழுந்தது. தையல்காரர் ஒரு விநாடி திகைத்தார். பிறகு அவரும் போட்டார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று மாமி தமிழில் எண்ண, வங்காளிகளும் எழுந்து, புரியாத எண்ணுக்கு உட்கார்ந்து எழுந்தார்கள். தோழி சொல்ல வசனம் இல்லாமல் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். நூற்றெட்டில் மாமி நிறுத்தினார். அதுவரை தாங்கியவர்கள் மாமியையும் தையல்காரரையும் சேர்த்து நான்கு பேர். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், “ரொம்பத் துல்லியமா ஒத்திகை பார்த்திருக்காங்க” என்று தன் நண்பரிடம் மூச்சு வாங்கச் சொன்னார். நிகழ்ச்சி பதினான்கு நிமிடம் கூடுதலாகப் போனது.

அன்று கரியாஹாட்டுக்குத் தையல்காரர் ஏரிக்கரை வழியாகவே நடந்தார். நானும் கூடப் போனேன். ஸ்டாப்வாட்சோடு நானும் தோப்புக்கரணம் போட்டிருந்தேன்; இருவருக்கும் கால் வலித்ததால், வழியில் அந்த பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். யாரும் எழுப்பவில்லை.

திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்தபோது, ஜூன் மாதத்துக் குறிப்பில் ‘உடற்பயிற்சி’ என்ற சொல் அடிக்கப்பட்டு, மேலே பச்சை மையில் ‘நடனம்’ என்று எழுதியிருந்தது. பச்சை மைப் பேனா தலைவருடையது. ஆனால் அது எப்போதும் அவர் வீட்டு மேஜையில், காபி டம்ளருக்குப் பக்கத்தில் கிடக்கும். தலைவரைக் கேட்டேன், செய்தித்தாளை விரித்தார். மாமியைக் கேட்டேன், “உன் பதிவேடு எனக்கு எதுக்குடா?” என்றார். பழைய நடவடிக்கைக் குறிப்புகளில் தலைவர் போட்ட திருத்தங்களோடும் மாமியின் சுண்டல் டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டோடும் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். திருத்தியது யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.