உருண்ட நகங்கள்

அன்று நான் வேலை பார்க்கும் போடி மருந்துக்கடையில் நானும் இலவம்பஞ்சு மெத்தை தைப்பவரும் இருந்தோம், முதலாளி இல்லை. மெத்தைக்காரருக்கு வறட்டு இருமல். மூன்று படி ஏறுவதற்குள், வேட்டியை இறுக்குவதுபோல் நின்று மூச்சு வாங்குவார். விரல்நுனி வீங்கி நகங்கள் உருண்டிருந்தன. அது நுரையீரல் நோயின் அடையாளம் என்று மருந்தியல் கல்லூரியில் படித்தவன் நான். நகம் ஏன் இப்படி என்று கேட்டேன்.

“பஞ்சுக்குள்ளயே கெடந்து நகமும் தலகாணியாயிருச்சு, டாக்டர் தம்பி. இருமல் மருந்து குடு.”

டாக்டர் என்றதில் குளிர்ந்து, சிரித்துக்கொண்டே கொடுத்தேன். பிறகு இரண்டு வருடம் மாதாமாதம் கொடுத்தேன்.

நேற்று அவர் மனைவி வந்தார். நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டதாம்.

“இத்தன நாளா யாருகிட்ட காட்டுனீகன்னு மதுரை டாக்டர் கேட்டாக. நம்ம படிச்ச தம்பிகிட்டன்னு இவுக பெருமையாச் சொன்னாக.”

முன்பே போயிருந்தால் இறுகுவதைத் தாமதப்படுத்தியிருக்கலாம். என்னால் அவர்களுக்குப் போனது அந்த இரண்டு வருடம்.