சோக்குக் கோடு

அக்குறணையில் பைப் வளைத்துக் கொடுக்கும் அந்த மனிதரின் காதில் எப்போதும் அளவுக்குக் கோடு போடும் சோக்குத் துண்டு ஒன்று செருகியிருக்கும். குட்டையானவர். ஆள் வருமுன் சிரிப்பு வந்துவிடும்.

மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் என் மனைவி சாய்ந்துகொள்ள ‘ப’ வடிவில் ஒரு வளைவு செய்யப் போனோம். கணித ஆசிரியனல்லவா, மூன்று பக்கத்தையும் அளந்து கூட்டி, பைப்பை நானே வெட்டிக் கொண்டுபோயிருந்தேன்.

"கூடிப் போகும் சேர். வளையிற எடத்துல பைப் இழுபடும். அதக் கழிச்சித்தான் வெட்டணும்."

"இரும்பு என்ன இடியப்ப மாவா? என் கணக்கு சரி, வளைங்க."

அவர் நுனியருகே சோக்கால் ஒரு கோடு போட்டுவிட்டு வளைத்தார். சீட்டில் பொருத்திப் பார்த்தால் ஒரு கால் நீண்டு நின்றது. மிச்சம் சரியாக அந்தக் கோடு வரைக்கும். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எப்படித் தெரிஞ்சது?" என்றேன்.

"நான் உங்கள விட எவ்வளவு பிழை விட்டிருக்கேன் சேர்!" என்று சொல்லி மிச்சத்தை வெட்டினார்.

இருபது வருடமாகப் பிள்ளைகளின் பிழை திருத்துகிறேன். தன் பிழைகளை இத்தனை பெருமையாகச் சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.