கூப்பிடும் ஆடுகள்

மல்லாங்கிணறு ரேணுகாதேவி அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கணினி சொல்லித்தருகிறாள். கூடவே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் படிக்கிறாள். அவளுடைய கணினியில் ஆடுகள் மேய்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு செயற்கை அறிவு. வயிறு நிறைந்த ஆடு குட்டி போடும். குட்டி தாயிலிருந்து கொஞ்சம் மாறிப் பிறக்கும். புல்லைக் கண்டதும் மற்றவற்றைக் கூப்பிடும் ஆடு ஒருநாள் ஜெயிக்கும் என்று அவள் நம்பினாள். ஆனால் சத்தமில்லாமல் தின்றவைதான் ஒவ்வொரு முறையும் பெருகின. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வராவிட்டால் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார் வழிகாட்டிப் பேராசிரியர்.

வியாழனன்று திருச்சுழியிலிருந்து அக்கா தங்கலட்சுமி போன் செய்தாள்.

"இங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுதுடி. அங்க?"

"ஒரு சொட்டு இல்லக்கா. உங்களுக்கு மட்டும் வானத்தைப் பட்டா போட்டுக் குடுத்துட்டாக போல!"

சொன்னவள் துள்ளி எழுந்தாள். அவள் கணினியில் மழை எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பெய்துகொண்டிருந்தது! இந்தப் பக்கம் எங்கே அப்படிப் பெய்கிறது? மழையைத் திட்டுத்திட்டாக மாற்றி ஓடவிட்டாள்.

காலையில் திரை முழுக்கக் கூப்பிடும் ஆடுகள். தன் பக்கம் காய்ந்தபோது ஒவ்வொன்றுக்கும் இன்னொன்றின் அழைப்பு தேவைப்பட்டது. கூப்பிடாத ஆட்டை மற்றவை கூப்பிடவில்லை; அது பட்டினியில் செத்தது. அந்த வழக்கத்தை அவள் எழுதித் தரவில்லை. தலைமுறை தலைமுறையாக அவையே கண்டுபிடித்திருந்தன.

"அம்மா, பொழச்சிருச்சு!"

குருவம்மாள் ஓடிவந்து பார்த்தாள். திரையில் புள்ளிகள்தான் தெரிந்தன.

"எதுடி பொழச்சது?"

"ஆடும் பொழச்சிருச்சு, என் தலைப்பும் பொழச்சிருச்சு!" ரேணுகாதேவி அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

"விடுடி கிறுக்கி, அடுப்புல பாலு பொங்குது!"