ஞாயிறு சேராத தபசு

அறுபதுகளில் நாங்கள் திருச்சி பாலக்கரையில் குடியிருந்தோம். சுருட்டு இல்லாமல் அப்போது எனக்கு எந்தச் சந்தோஷமும் முழுசாக வந்ததில்லை. காபி குடித்தால் சுருட்டு, ஆபீசில் மேலதிகாரி மெச்சினால் சுருட்டு, மீன்குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் அதற்கும் ஒன்று. ஒருநாள் என் மகள் பள்ளிக்கூடத்துப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் என் கை சட்டைப் பையைத் தடவியது.

"முதல்ல புடிச்சிட்டு வாங்கப்பா, அப்புறம் சொல்றேன்" என்றாள். கோபமே இல்லாத, பழகிப்போன குரல். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று சுருட்டை விட்டேன். ஆனால் நான் லேசுப்பட்ட ஆளா? தபசு நாற்பது நாளில் ஞாயிறு சேராது என்பார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மதிலோரம் நின்று ஆறு நாளைக்கும் சேர்த்து இழுத்தேன். மற்ற நாளெல்லாம் அந்த ஞாயிறுக்குக் காத்திருந்ததுதான் மிச்சம். காபி மண்ணாக இருந்தது, மகளின் பாட்டு வெறும் சத்தமாகக் கேட்டது. ஈஸ்டர் வந்ததும் பழைய குருடி கதைதான். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

நாலாவது தபசில் ஞாயிறும் கிடையாது என்று வீம்பு பிடித்தேன். எதற்கெடுத்தாலும் வீட்டில் எரிந்து விழுந்தேன், பாவம் என் மனைவி. ஐந்தாவது ஞாயிறன்று காந்தி மார்க்கெட்டில் வாங்கிய பூவன் பழம் ஒன்றை உரித்து வாயில் போட்டேன். தித்தித்தது! ஐந்து பழம் தின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். மூளையில் சந்தோஷம் அறியும் இடத்தைப் புகையிலை வளைத்துக்கொள்கிறது, மற்றதெல்லாம் அங்கே எடுபடாது என்று பிற்பாடு ஒரு டாக்டர் விளக்கினார். எனக்கு அந்தப் பழமே சொல்லிவிட்டிருந்தது.

ஈஸ்டர் காலைப் பூசையில் மகள் முதல்முறையாகத் தனியாகப் பாடினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூசை முடிந்து மதிலோரம் வந்தவள், நாலடி தள்ளியே நின்றாள்.

"புடிச்சிட்டு வாங்கப்பா, நிக்கிறேன்."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "இனிமே அது கிடையாதும்மா. நீ பாடினது முழுசும் கேட்டேன்."

அவள் கிட்டே வந்து என் விரல்களை எடுத்து மோந்து பார்த்தாள். அப்புறம்தான் நம்பினாள். வீடு போய்ச் சேரும்வரை அவள் பேச்சு ஓயவில்லை, நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே நடந்தேன்.