அரைப் பங்குக்குள் ஒரு வயல்

பராகுவேயில் சான் பெத்ரோ பக்கம் போய் ஸுனில்டா என்று பெயர் சொன்னால், "யாரு, சர்க்காருக்குச் சொல்லிட்டுக் கஞ்சா போடுறாளே, அவளா?" என்றுதான் கேட்பார்கள். அவள் போட்டது கஞ்சா அல்ல, அதன் பங்காளியான ஹெம்ப். விதையில் எண்ணெய், தண்டில் நார். மூட்டை மூட்டையாகப் புகைத்தாலும் தலைவலிதான் மிஞ்சும். ஆனால் சட்டம் படு கறார். உரிமம் வேண்டும், பதிவு பெற்ற விதையைத்தான் விதைக்க வேண்டும், போதைச் சத்து நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டினால் மொத்த வயலுக்கும் தீ வைத்துவிடுவார்கள்.

அந்தத் தீயை நினைத்துத்தான் அவளுக்குத் தூக்கம் போயிற்று. வயல் தேறாவிட்டால் புருஷன் சிரிலோ பழையபடி காட்டுக்குப் போவான். கள்ளத் தோட்டத்தில் கஞ்சா அறுக்கும் கூலி வேலை. ஜீப் சத்தம் கேட்டால் புதருக்குள் பாய வேண்டும். அது ஒரு பிழைப்பா?

சோதனைக்கு மாதிரி எடுக்கும்வரை அறுக்கக் கூடாது. செடி முற்ற முற்றப் போதைச் சத்து ஏறும். பார்த்துப் பார்த்து அப்போதுதான் மழை பிடித்தது. மாதிரி எடுக்க வந்த அதிகாரி டெர்லிஸின் வண்டி செம்மண் பாதையில் புதைந்துவிட்டது. ஸுனில்டா மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, நாளன்னைக்கு வரேனே..."

"அதுக்குள்ள என் செடிக்குக் கிழடு தட்டிடும். ஏறு தம்பி, மாடு கடிக்காது!"

மறுவாரம் அவனே போன் செய்தான். "அரைப் பங்குக்கு ரொம்பக் கீழக்கா! அறுங்க!"

தின்றுகொண்டிருந்த சீப்பா ரொட்டியை அவள் மாட்டுக்கே ஊட்டிவிட்டாள்.

விடிந்ததும் புருஷனும் அவளும் வயலில் இறங்கினார்கள். சிரிலோ பாடிக்கொண்டே அறுத்தான். திடீரென்று பாட்டு நின்றது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். சாலையில் போலீஸ் ஜீப்.

"யோவ், எங்கய்யா போன?"

"குனிடி! போலீசு!" குரல் வாய்க்காலுக்குள்ளிருந்து வந்தது.

ஸுனில்டா சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நம்ம வயல்ல நின்னுக்கிட்டு யாருக்குய்யா பயப்படுற? எந்திரி!"

ஜீப் வேகம் குறைந்தது. ஒரு போலீஸ்காரர் தலையை நீட்டினார். "என்னப்பா, அறுவடையா?"

சேறு சொட்டச் சொட்ட சிரிலோ எழுந்து நின்றான். ஓட ஒரு காலைத் தூக்கியவன், மெல்லக் கீழே வைத்தான்.

"அறுவடைதான் சார்."

ஜீப் போய்விட்டது. சிரிலோ கையை வாயில் குவித்துக்கொண்டு, அது போன திசையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்: "அறுவடை சார்! எங்க வயலு!"